தலைக்கு 17 டாலர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மனிதர்கள் ஏறக்குறைய 32 லட்சம். பன்றிகள் இரண்டு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேல். காரில் போகும்போது இந்தக் கணக்கை அக்காவிடம் சொன்னேன். அவள் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், "ஆளுக்கு ஏழுடி" என்றாள். என் பெரியம்மா மகளான அவள், டி மொயின் நகரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறாள். அந்த மாநிலத்துக்குப் போய் ஆறு வருடமாகியும் நகரத்தைத் தாண்டி அதிகம் போனதில்லை. சிரம்பானிலிருந்து போன நான்தான் அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாங்கள் போனது புவேனா விஸ்டா கவுண்டி. கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம்போல. டி மொயினிலிருந்து வடமேற்கே, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். அது அக்டோபர் மாதம், சோள அறுவடை நேரம். வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு என்று மைலுக்கு ஒன்றாகச் சாலைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. நடுவில் இருப்பது முழுவதும் சோளமும் சோயாவும்தான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது செம்பனை எப்படி முடியாமல் ஓடிவருமோ, அப்படி. செம்பனைக்காவது நிழல் உண்டு. இங்கே காய்ந்த தாளும் வானமும்தான்.

காரின் வானொலியைத் திருகினேன். வேறு ஊருக்குப் போனால் நான் முதலில் செய்யும் வேலை அது. நண்பகலில் நம் நிலையங்களில் நேயர் விருப்பப் பாடல் ஓடும். அங்கே ஓடுவது சோளம் என்ன விலை, சோயா என்ன விலை, பன்றி என்ன விலை என்ற அறிவிப்பு. செய்தி வாசிப்பவருக்கு மூச்சு வாங்கவே நேரமில்லை. அந்த விலைகளைக் காது கொடுத்துக் கேட்கிற ஊர் அது என்பதால்தான் நான் அங்கே போக ஆசைப்பட்டேன். 2020இல் அந்த விலைகள் விழுந்தபோது அமெரிக்க அரசாங்கம் பண்ணைகளுக்குக் கொடுத்த நிவாரண மானியம், ஒரு சின்ன ஊரில் யார் கைக்குப் போனது, யார் கைக்குப் போகவில்லை என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

புவேனா விஸ்டாவை ஊர்க்காரர்கள் 'பியூனா விஸ்டா' என்று அவர்கள் வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். சிங்கப்பூரைப்போல் இரண்டு மடங்கு நிலம், மக்கள் 21,000 பேருக்கும் குறைவு. பெயர் 1847இல் மெக்சிகோ மண்ணில் அமெரிக்கப் படை போரிட்ட ஓர் இடத்திலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், தலைநகரான ஸ்டார்ம் லேக் பட்டணத்தின் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் இன்று மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள். பள்ளிகளில் இருபதுக்கும் மேற்பட்ட வீட்டு மொழிகள் பேசப்படுகின்றன.

பட்டணம் அழகானது. சுமார் 3,000 ஏக்கரில் இயற்கையான ஏரி, கரையோரம் பூங்கா, பல்கலைக்கழகம். லேக் அவென்யூ என்ற கடைத்தெருவில் நடந்தால் மெக்சிகோ ரொட்டிக் கடையின் வாசம். கொஞ்சம் தள்ளி ஓர் ஆசிய மளிகைக் கடையில் எலுமிச்சைப்புல், மீன் சாறு, பத்துக் கிலோ அரிசி மூட்டை எல்லாம் கிடைக்கிறது. அக்கா ஊர் நினைவு வந்தவள்போல் ஒரு கூடையை நிரப்பிக்கொண்டாள். கடைக்காரப் பெண்மணி லாவோஸ் மொழி பேசுபவர். 1975இல் போரில் ஊரைவிட்டு ஓடிவந்த தாய் டாம் மக்களை அன்றைய ஆளுநர் ராபர்ட் ரே அயோவாவுக்கு அழைத்துக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் லாவோஸ் மக்களும் வந்தார்கள். ஸ்டார்ம் லேக்கில் அவர்களுக்குக் கிடைத்த வேலை பன்றி இறைச்சி ஆலையில்.

அந்த ஆலையைச் சொல்லாமல் ஊரைச் சொல்ல முடியாது. பழைய ஹைகிரேட் ஆலை 1981இல் மூடப்பட்டது. அடுத்த வருடமே ஐபிபி நிறுவனம் அதைத் திறந்தது, குறைந்த ஊதியத்தில். 2001இல் அது டைசன் நிறுவனத்தின் கைக்குப் போனது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். பக்கத்திலேயே வான்கோழி ஆலை ஒன்றும் உண்டு. ஊர் விளிம்பில் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். பக்கவாட்டுத் துளைகளில் இளஞ்சிவப்பு மூக்குகள். வாடை பற்றிக் கேட்காதீர்கள். அக்டோபரில் வயலுக்கும் பன்றிச் சாணத்தைத்தான் உரமாக இறக்குகிறார்கள் என்பதால் ஊரே அப்படித்தான் இருந்தது.

இப்போது 2020க்கு வருவோம்.

நோய் பரவியபோது பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆலையில் தோளோடு தோள் நின்று இறைச்சி வெட்டியவர்களுக்கு ஆனது. ஏப்ரல், மே மாதங்களில் நாடு முழுவதும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, அல்லது பாதி வேகத்துக்கு இறங்கின. ஒரு கட்டத்தில் பன்றி அறுப்புத் திறனில் ஏறக்குறைய 40 விழுக்காடு நின்றுபோனது. ஏப்ரல் 28ஆம் தேதி, ஆலைகள் திறந்தே இருக்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் நிர்வாக ஆணை பிறப்பித்தார். ஸ்டார்ம் லேக் ஆலையில் 555 பேருக்குத் தொற்று என்று மே மாதக் கடைசியில் உறுதியானது. ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல். ஆலை சில நாள் மூடப்பட்டது. அந்த ஜூனில், மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நாட்டிலேயே மிக அதிகத் தொற்று உள்ள கவுண்டிகளில் ஒன்றாக இந்தச் சோளக்காட்டுக் கவுண்டி இருந்தது.

ஊடகத்தில் இருப்பவள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையிடத்தில் பத்து விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்து, செய்தியாளர்களும் கேட்டால்தான் எண்ணிக்கையை உறுதிப்படுத்துவோம் என்பதுதான் அப்போது மாநிலச் சுகாதாரத் துறையின் வழக்கம். கேட்க ஆள் இல்லாத ஊரில் எண்ணிக்கையும் இல்லை. ஸ்டார்ம் லேக்கில் கேட்க ஆள் இருந்தார்கள். அங்கே குடும்பமாக நடத்தும் ஒரு சின்னப் பத்திரிகை உண்டு, விற்பனை சுமார் 3,000 பிரதி. அதன் ஆசிரியர் ஆர்ட் கல்லன், பெரும் வேளாண் நிறுவனங்களை எதிர்த்து எழுதிய தலையங்கங்களுக்காக 2017இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். அந்த அலுவலகத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு அது புரியவில்லை. ஏரிக்கரையில் எடுத்த படமே நன்றாக இருக்கிறது என்றாள்.

ஆலை நின்றால் பண்ணைக்கு என்ன? இதை எனக்கு விளக்கியவர் அக்காவின் அலுவலகத் தோழியுடைய தந்தை. எழுபதைத் தாண்டியவர். சோளம், சோயா, கூடவே ஒரு பன்றிக் கொட்டகை. சமையலறை மேசையில் உட்காரவைத்து, காப்பியும் பூசணிக்காய் ரொட்டியும் தந்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். அவர் கொட்டகையில் 2,400 பன்றிகள் கொள்ளும். ஆறு மாதத்தில் ஒரு பன்றி 125 கிலோவைத் தாண்டிவிடும், அந்த வாரமே லாரி வர வேண்டும். வராவிட்டால் அது தின்றுகொண்டே இருக்கும், கொழுத்துக்கொண்டே போகும், ஆலையின் கொக்கிக்கே அடங்காது. பின்னாலேயே அடுத்த குட்டிகள் வந்து நிற்கும். சோளத்தைக் குதிரில் போட்டு வைக்கலாம், பன்றியை எங்கே போட்டு வைப்பது என்று கேட்டார். சோளத்துக்கும் அந்த நேரத்தில் நல்ல காலமில்லை. அயோவா சோளத்தில் பெரும்பங்கு எத்தனால் என்ற எரிபொருளாகிறது. மக்கள் கார் ஓட்டுவதை நிறுத்தியதும் அந்த ஆலைகளும் படுத்துவிட்டன.

அயோவாவிலும் பக்கத்து மாநிலங்களிலும் லாரி வராத பன்றிகளைப் பண்ணையிலேயே கொன்று புதைத்தார்கள். எப்படிக் கொன்றார்கள் என்று அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பசியாறும் நேரத்தில் இதைப் படிப்பவர்களுக்காக அதை விட்டுவிடுகிறேன்.

நான் சிரம்பானில் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் புக்கிட் பெலாண்டோக்கில் ராணுவம் இறங்கிப் பன்றிகளைச் சுட்டது. நிப்பா கிருமி பரவிய 1998, 1999ஆம் ஆண்டுகள் அவை. நம் நாட்டில் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. கிருமி இங்கிருந்து போன பன்றிகள் வழியாகச் சிங்கப்பூர் அறுப்புக்கூடத்துக்கும் போய், அங்கே 11 தொழிலாளர்களைத் தாக்கி ஒருவரைக் கொன்றது. அதில் பன்றியிடமிருந்து மனிதனுக்கு நோய் வந்தது. அயோவாவில் மனிதனுக்கு நோய் வந்ததால் பன்றி செத்தது. இரண்டு கதையிலும் கத்தி பிடிக்கிறவர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2020 ஏப்ரல் 17ஆம் தேதி 1,900 கோடி டாலர் கொரோனா உணவு உதவித் திட்டத்தை அறிவித்தது. அதில் 1,600 கோடி டாலர் விவசாயிகளுக்கு நேரடிப் பணம், மீதியில் உணவு வாங்கி ஏழைகளுக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள். மே 26ஆம் தேதி விண்ணப்பம் தொடங்கியது. ஜூன் முதல் வாரத்திலேயே பணம் கிளம்பிவிட்டது. செப்டம்பரில் இரண்டாம் சுற்று. இரண்டும் சேர்த்து நாடு முழுக்கப் போனது ஏறக்குறைய 3,100 கோடி டாலர்.

இவ்வளவு வேகம் எப்படி? விவசாயிகள் ஏற்கெனவே கோப்பில் இருந்தார்கள். ஒவ்வொரு விவசாயக் கவுண்டிக்கும் பண்ணைச் சேவை அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதை மேற்பார்க்கும் குழுவை உள்ளூர் விவசாயிகளே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் நிலம் எத்தனை ஏக்கர், அதில் போன வருடம் என்ன விதைத்தார் என்பது அங்கே பதிவாகியிருக்கிறது. நோய்க்காலத்தில் அலுவலகத்துக்குள் போக முடியாது, தொலைபேசியில் பேசிப் பாரத்தை அனுப்பினால் போதும். பெரியவர் அந்தப் பாரத்தைப் பற்றிச் சொல்லும்போது சிரித்தார். தன் வாழ்நாளில் அரசாங்கத்திடமிருந்து பார்த்த மிக எளிய பாரம் அதுதானாம்.

கணக்கும் எளிது. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை உங்கள் கொட்டகையில் அதிகபட்சம் எத்தனை பன்றிகள் இருந்தன? தலைக்கு 17 டாலர். வளர்ந்த மாடென்றால் 33 டாலர். 2,400 பன்றிகளுக்கு 40,800 டாலர் வரும். இரண்டாம் சுற்றில் பன்றிக்கு 23 டாலர். ஒருவர் ஒரு சுற்றில் வாங்கக்கூடிய உச்சவரம்பு 250,000 டாலர். நிறுவனமாகப் பதிந்து, உழைப்போ நிர்வாகமோ தரும் பங்காளிகள் மூன்று பேர் இருந்தால் 750,000 வரை போகலாம். நட்டம் எவ்வளவு என்று யாரும் தனித்தனியாகக் கேட்கவில்லை. எத்தனை தலை, எத்தனை ஏக்கர், அவ்வளவுதான். பெரிய பண்ணைக்குப் பெரிய காசோலை.

அப்படியானால் பெரியவருக்கு அந்த 40,800 டாலர் கிடைத்ததா? கிடைக்கவில்லை. கொட்டகை அவருடையது, கடன் அவருடையது, தினமும் காலையில் உள்ளே போய்ச் செத்ததைத் தூக்கிப் போடுவதும் அவர்தான். பன்றிகள் மட்டும் அவருடையவை அல்ல. ஒரு நிறுவனம் குட்டியையும் தீவனத்தையும் கொடுக்கும், இவர் வளர்த்துக் கொடுத்தால் கூலி. அயோவாவில் இப்படி ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள் ஏராளம். விலை விழுந்தால் நட்டப்படுபவருக்குத்தான் மானியம் என்பது விதி. பன்றிக்குச் சொந்தக்காரர்தானே விலையில் நட்டப்படுகிறார்! கொட்டகை காலியாகக் கிடந்த மாதங்களில் இவருக்குப் போன கூலி அந்தப் பாரத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. ஒப்பந்த வளர்ப்பாளர்களுக்கென்று நாடாளுமன்றம் 2020 டிசம்பரில் தனியாகப் பணம் ஒதுக்கியது. இடையில் ஆட்சி மாறியது, திட்டத்தை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார்கள். 2021 பிற்பாதியில்தான் கதவு சரியாகத் திறந்தது. ஆலை இல்லாமல் கொல்லப்பட்ட பன்றிகளுக்குச் சந்தை விலையில் 80 விழுக்காடு கொடுக்கும் திட்டமும் அந்த வருடம் ஜூலையில்தான் வந்தது. செத்த பன்றிக்கு ஒரு வருடம் கழித்துப் பணம்.

சோளத்துக்கு அவர் மானியம் வாங்கினார், அதை மறைக்கவில்லை. அந்தப் பணம் இல்லையென்றால் வங்கிக்காரர் முகத்தை வேறு மாதிரி பார்த்திருப்பேன் என்றார். ஆனால் அடுத்து நடந்ததுதான் எனக்கு உறைத்தது. 2020 கடைசியிலேயே சோள விலை ஏறத் தொடங்கியது. 2021 வசந்தத்தில் பல வருடம் காணாத உயரத்துக்குப் போனது. அதே நேரத்தில், மார்ச் மாதம், சோளம் சோயா உள்ளிட்ட பயிர்களுக்கு ஏக்கருக்கு இன்னும் 20 டாலர் தருவதாக அறிவிப்பு. புதிய பாரம்கூட வேண்டாம், பழைய விண்ணப்பமே போதும். 500 ஏக்கர்க்காரருக்குச் சும்மா இருந்த இடத்தில் 10,000 டாலர். அந்தப் பணம் அவசியமாக இருந்ததா என்று பெரியவரிடமே கேட்டேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மறுக்கிற ஆள் யாரையும் எனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னார்.

அமெரிக்காவில் எனக்குப் பிடித்த ஒன்று, யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பது மூடிக் கிடக்கவில்லை. என்விரோன்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு அரசாங்கத்திடமிருந்து பதிவுகளைக் கேட்டு வாங்கி, கவுண்டி வாரியாக, பெயர் வாரியாக இணையத்தில் போட்டிருக்கிறது. காரில் உட்கார்ந்து கைப்பேசியில் புவேனா விஸ்டா என்று தட்டினேன். பட்டியல் ஓடிக்கொண்டே போனது. பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்தப் பட்டியலையும் அன்று காலை லேக் அவென்யூவில் பார்த்த கடைப் பலகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே ஊர் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

கடைப் பலகைப் பக்கத்து மக்களுக்கு என்ன கிடைத்தது? 2020இல் பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,200 டாலர் பொது உதவி இருந்தது. ஆனால் கணவன் மனைவி சேர்ந்து வரிக்கணக்கு காட்டி, ஒருவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால், முதல் சுற்றில் இருவருக்குமே இல்லை. இறைச்சி ஆலைத் தொழிலாளர்களுக்கும் பண்ணைக் கூலிகளுக்கும் என்றே வேளாண் அமைச்சு ஒரு நிவாரணம் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் ஏறக்குறைய 67 கோடி டாலர். அதைப் பகிர்ந்து கொடுக்கும் தொண்டு நிறுவனங்களின் பெயரை அறிவித்ததே 2022 அக்டோபரில். ஒரு தொழிலாளிக்கு 600 டாலர், ஒரே முறை.

காரணம் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். விவசாயிக்கு அலுவலகம் இருந்தது, கோப்பு இருந்தது, அவர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழு இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அப்படி ஓர் அலுவலகமே இல்லை. முதலில் தொண்டு நிறுவனங்களைத் தேட வேண்டும், அவர்கள் ஆட்களைத் தேட வேண்டும். அதற்குள் பலர் வேலை மாறி, ஊரும் மாறியிருப்பார்கள். அமெரிக்காவைக் குறைசொல்லிவிட்டு எழுந்துபோகவும் நமக்கு முடியாது. நம் நாட்டில் பிரிஹாத்தின் உதவி 4,000 வெள்ளிக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி என்று ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கப்பட்டது. நல்லதுதான், என் அம்மாவும் வாங்கினார். ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும். அதே வருடம் நவம்பரில் கிள்ளான் பக்கம் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று வந்தபோது, அவர்கள் எந்தப் பட்டியலில் இருந்தார்கள்? கேமரன் மலையில் லாரி லாரியாகக் காய்கறியைக் கொட்டிய காணொளியை நாம் எல்லாரும் பகிர்ந்தோம். அந்த முட்டைக்கோஸைப் பறித்தவர் யார் என்று நான் நிகழ்ச்சி செய்த எந்த நாளிலும் ஒரு நேயரும் கேட்கவில்லை.

மளிகைக் கடைப் பெண்மணியின் மகன் இன்னும் ஆலையில்தான் இருக்கிறான். 2020 மே மாதம் அவனுக்கும் வந்தது, பிறகு வீட்டில் எல்லாருக்கும். அந்த 600 டாலரைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மகனைக் கேட்கிறேன் என்று சொல்லி ஒரு காகிதத்தில் எண்ணை எழுதிக்கொண்டார். நான் அந்தத் திட்டம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். பரவாயில்லை, கேட்கிறேன் என்றார். அக்காவின் கூடையில் இருந்த எலுமிச்சைப்புல்லோடு இரண்டு கட்டு கூடுதலாக வைத்து, அதற்குக் காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

மாலை மூன்றரைக்கு ஊரைவிட்டுக் கிளம்பினோம். ஆலைப் பக்கச் சாலையில் ஒரு ஷிப்டு முடிந்து கார்கள் வெளியே வந்துகொண்டிருந்தன, அடுத்த ஷிப்டுக் கார்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பன்றி லாரி திரும்ப இடம் பார்த்து நின்றது. எல்லாரும் அதற்கு வழிவிட்டார்கள்.